பயிற்சியில் விழும் பழைய போர் விமானங்கள்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் எங்கள் ஊர்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் எங்கும் வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் கார்டு கேரளம், சந்தைக்குப் போவது பொள்ளாச்சி, தலைக்கு மேல் பறப்பது கோவைப் பக்கம் இருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்து விமானம்.

2025-இல் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஜூலை 21 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவில் பயிற்சிக்குக் கிளம்பிய போர் விமானம் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் சோவியத் வடிவமைப்பான மிக்-21 போர் விமானங்களுக்கு நம் விமானப்படை விடை கொடுத்தது. நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் ஒன்று விழுந்து அதன் விமானி இறந்தார். அதிலிருந்து டீக்கடையிலும் வாசகசாலையிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். விமானப்படையில் தரைப்பணியில், அதாவது விமானத்தைப் பறக்கத் தயார் செய்து அனுப்பும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டாக்காவில் விழுந்தது எவ்வளவு பழைய விமானம்?

அதன் பெயர் எஃப்-7 பிஜிஐ. மிக்-21-ஐப் பார்த்துச் சீனா தன் நாட்டில் செய்த விமானத்தின் கடைசி வடிவம். வங்கதேசம் 2011-இல் ஒப்பந்தம் போட்டு, 2013-க்குள் அவை வந்து சேர்ந்தன. ஆக, விழுந்த விமானத்துக்கு வயது பன்னிரண்டை ஒட்டி. அதன் வடிவமைப்புக்கோ எழுபது. மிக்-21-இன் மாதிரி விமானம் முதலில் பறந்தது 1950-களின் நடுவில்.

இளம் விமானி ஒருவர் ஆசிரியர் துணையில்லாமல் தனியாக ஓட்டிய பயிற்சிப் பறப்பு அது. உத்தரா பகுதியில் இருக்கும் மைல்ஸ்டோன் பள்ளியின் இரண்டு மாடிக் கட்டடத்தில் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். விமானியும் பிழைக்கவில்லை. விமானி ஓட்டியதில் நேர்ந்த தவறே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் அதோடு நிற்காமல், தொடக்கநிலைப் பறப்புப் பயிற்சியை டாக்கா நகரத்துக்கு வெளியே கொண்டுபோகவும் பரிந்துரைத்தது. எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் பெரிதாகத் தெரிகிறது. கற்றுக்கொள்பவன் தவறு செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் தவறு செய்யும்போது கீழே யார் இருக்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்வதில்லை.

அப்போ எதைத்தான் பழைய விமானம் என்று சொல்வது?

மூன்று வயது உண்டு. வடிவமைப்பின் வயது, அந்த ஒரு விமானம் தொழிற்சாலையை விட்டு வந்த வயது, அது பறந்த மணிநேரம். செய்தியில் வருவது பெரும்பாலும் முதலாவது. பராமரிப்புக்காரன் பார்ப்பது மற்ற இரண்டையும். இத்தனை மணி பறந்தால் இன்ஜினைக் கழற்று, இத்தனை வருடம் ஆனால் பறந்திருந்தாலும் பறக்காவிட்டாலும் இந்தப் பாகத்தை மாற்று என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கும்.

வயதானால் வரும் உண்மையான தொல்லை உதிரிபாகம். ஜாகுவார் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் 1979-இல் வந்தது. பிரான்ஸ் 2005-இலும் பிரிட்டன் 2007-இலும் அதை ஓரங்கட்டிவிட்டன. இன்று உலகத்திலேயே அதைப் பறக்கவிடும் விமானப்படை நம்முடையது மட்டும்தான். 2025-இல் மட்டும் மார்ச்சில் அம்பாலாவுக்கு அருகிலும், ஏப்ரலில் ஜாம்நகருக்கு அருகிலும், ஜூலையில் ராஜஸ்தானின் சூரு மாவட்டத்திலும் மூன்று ஜாகுவார் விழுந்தன. கடைசி இரண்டும் பயிற்சிக்குப் பயன்படும் இரட்டை இருக்கை விமானங்கள். சூருவில் இரண்டு விமானிகளும் இறந்தார்கள்.

மிக்-21-ஐப் 'பறக்கும் சவப்பெட்டி' என்கிறார்களே, சரிதானுங்களா?

அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடிக்காது. அதைத் தொட்டுத் துடைத்து அனுப்பியவர்கள் யாருக்கும் பிடிக்காது. ஆனால் கணக்கை மறைக்கவும் கூடாது. நம் கேரளத்துக்காரரான ஏ.கே. அந்தோணி பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 2012-இல் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தார். வாங்கிய 872 மிக் வகை விமானங்களில் 482 விபத்துகள். இறந்தவர்களில் 171 பேர் விமானிகள், 39 பேர் பொதுமக்கள். பாதிக்கு மேல் என்றால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1963-இல் வந்து 2025 வரை இருந்த விமானம். அறுபது வருடத்துக்கு மேல் நம் வான்காவலின் முதுகெலும்பு அதுதான். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியதும் மிக்-21-தான். எண்ணிக்கையில் மிக அதிகமாக இருந்த விமானம், மிக அதிகமாகப் பறந்த விமானம், விபத்துக் கணக்கிலும் மேலே நிற்கும்.

இதற்கெல்லாம் மேலே, அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. அது விமானத்தின் வயது அல்ல, அதில் ஏறியவர்களின் வயது.

மிக்-21-க்கு முக்கோண இறக்கை. வேகமாகப் பறக்கப் பிறந்தது, மெதுவாகப் பறக்கப் பிடிக்காது. தரையிறங்க வரும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். வேகம் குறைந்தால் கல்லாகக் கீழே இறங்கும். முன்பக்கம் பார்வை குறைவு. இரட்டை இருக்கை வடிவத்தில் பின்னால் இருக்கும் ஆசிரியருக்கு ஓடுபாதை தெரியவேண்டும் என்றால், முதுகில் ஒரு பெரிஸ்கோப் எழும்ப வேண்டும். இன்ஜின் ஒன்றே ஒன்று. அது நின்றுபோனால் யோசிக்க நேரம் கிடையாது.

இதில் ஏறிய பையன்கள் அதற்கு முன் ஓட்டியது கிரண் என்ற சாதுவான பயிற்சி ஜெட். சைக்கிள் பழகியவனை மறுநாளே மலைப்பாதையில் லாரி ஓட்டச் சொன்ன கதை. இடையில் ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி ஜெட் ஒன்று வாங்குங்கள் என்று, விமானப்படையின் பறப்புப் பாதுகாப்பை ஆராய 1982-இல் அமைத்த லா ஃபோன்டைன் குழு சொன்னது. பிரிட்டனின் ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-இல். பீதர் தளத்தில் அது படையில் சேர்ந்தது 2008-இல். ஏறக்குறைய கால் நூற்றாண்டு! அந்த இடைவெளியில் இருபதுகளில் இருந்த எத்தனை பிள்ளைகள் நேராக மிக்-21-க்குப் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் 'விமானம் பழசு' என்று எழுதி முடித்துக்கொண்டால், கோப்பு நகராமல் கிடந்த அந்த வருடங்களைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்கச் சொல்கிறேன்.

புது விமானம் வாங்கிவிட்டால் பயிற்சி விபத்து நின்றுவிடுமா?

நிற்காது. பைலேட்டஸ் பிசி-7 என்ற சுவிட்சர்லாந்துப் பயிற்சி விமானம் நம்மிடம் வந்தது 2013-இல்தான். 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் தூப்ரான் அருகே ஒன்று விழுந்து ஆசிரியரும் மாணவரும் இறந்தார்கள். 2025 நவம்பர் 14 அன்று சென்னைக்குத் தெற்கே தாம்பரம் பக்கம் இன்னொன்று விழுந்தது, விமானி குதித்துத் தப்பினார். மறுபக்கம், 1964-இல் முதலில் பறந்த கிரண் வகை விமானம் ஒன்று 2023 ஜூன் 1 அன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் விழுந்தபோது, இருந்த இருவருமே உயிரோடு வெளியே வந்தார்கள். வயதை மட்டும் வைத்து எதையும் கணிக்க முடியாது.

சூலூரில் பழைய போர் விமானம் இருக்கிறதா?

போர் விமானம் என்றால் இன்று அங்கே இருப்பது தேஜஸ். 45-ஆவது படைப்பிரிவு 2018-இல் வந்தது, 18-ஆவது படைப்பிரிவு 2020-இல். சாரங் ஹெலிகாப்டர் குழுவும் சூலூர்தான். ஊர்ப் பெரியவர்கள் சிலர் 'அந்தக் காலத்திலேயே ஜெட் பார்த்தோம்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள், அவர்கள் சொல்வது உண்மை. 1964-இல் கோவாவுக்கு மாறும்வரை நம் கடற்படையின் ஜெட் தளம் சூலூரில்தான் இருந்தது. சீ ஹாக், வேம்பையர் எல்லாம் இந்த வானத்தில் பறந்தவைதான்.

சில நாள் 'டமார்' என்று சத்தம் கேட்டு ஜன்னல் அதிருதே, எங்கேயோ விழுந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. விமானம் ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது வரும் அதிர்வு அது. 2020 மே 20 அன்று பெங்களூரு முழுக்க அப்படி அதிர்ந்து, ஊரே நிலநடுக்கம் என்று பயந்தது. பிறகு அது விமானப்படையின் ஒரு சோதனைப் பறப்பு என்று பாதுகாப்பு அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. சத்தத்தோடு கரும்புகையும் எழுந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

பறவை மோதி விமானம் விழுமா? அத்தனை சின்ன உயிர்தானே?

விழும். ஒற்றை இன்ஜின் விமானத்தில், உறிஞ்சும் வாய்க்குள் ஒரு பருந்து போனால் உள்ளே இருக்கும் தகடுகள் உடையும். உடைந்த துண்டு அடுத்த வரிசையை உடைக்கும். நாங்கள் காலையில் ரன்வே நெடுக வரிசையாக நடந்து கூழாங்கல், ஆணி, கம்பித் துண்டு எல்லாம் பொறுக்குவோம். டூல் கிட்டில் ஒரு ஸ்பேனர் குறைந்தால், அது கிடைக்கும்வரை அந்த விமானம் கிளம்பாது. அவ்வளவு பார்த்து அனுப்பும் இன்ஜினுக்குள் பருந்து போவதைத் தரையில் இருந்து எப்படித் தடுப்பது?

தடுக்க ஒரு வழி உண்டு, அது நம் கையில் இருக்கிறது. விமானத் தளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டவோ மாடு ஆடு அறுத்துப் போடவோ கூடாது என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் நடப்பது என்ன? ராத்திரி லாரியில் கோழிக்கழிவும் ஓட்டல் கழிவும் எல்லை தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் கொட்டப்படுகின்றன. செக்போஸ்ட்டில் பிடிபட்டால் செய்தி, பிடிபடாவிட்டால் நாற்றம். இதை எப்போதும் கேரளம்–தமிழ்நாடு சண்டையாகவே பேசுகிறோம். கழிவு கிடக்கும் இடத்தில் பருந்து வட்டமிடும். அது வட்டமிடும் உயரத்தில்தான் விமானம் தரையிறங்க வரும். லாரிக்கு இடம் காட்டிக் காசு வாங்குகிற நம் ஊர் ஆட்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மயிலைப் பற்றியும் கேட்கிறார்கள். மயில் உயரப் பறக்காது. ஆனால் ஓடுபாதையில் வந்து நிற்கும், விரட்டினால் எழும்பும். எடை அதிகம் என்பதால் அதுவும் ஆபத்துதான்.

ஏனுங்ணா, நம்ம காட்டுலயே விழுந்துட்டா என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு வயது பதினான்கு இருக்கும். பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

முதலில் 112-க்குக் கூப்பிடு. இடத்தைச் சரியாகச் சொல்லு. எந்தப் பஞ்சாயத்து, எந்தக் கனால், எந்தத் தோட்டம் என்று சொல்லு. நம்முடைய இடம் எல்லையில் இருப்பதால், டவர் மாறி போன் கோவைக்கும் போகலாம். 'பாலக்காடு மாவட்டம்' என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடு.

அடுத்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகை போகும் பக்கம் நிற்காதே. தேஜஸ் போன்ற விமானத்தின் உடலில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை. அது எரிந்தால் கண்ணுக்குத் தெரியாத இழைத் தூள் பறக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். எரிபொருள், ஆக்ஸிஜன் சிலிண்டர், அதிக அழுத்தத்தில் இருக்கும் டயர் இவையெல்லாம் தீ அணைவதுபோல் தெரிந்த பிறகும் வெடிக்கக்கூடியவை.

மூன்றாவதுதான் முக்கியம். விமானி இருக்கையோடு வெளியே எறியப்பட்டிருந்தால், விமானம் விழுந்த இடத்தில் இருக்கமாட்டார். பாராசூட் எங்கே இறங்கியது என்று தென்னந்தோப்பில், கரும்புக் காட்டில், குளத்தில் தேடுங்கள். கண்டுபிடித்தால் உட்கார வைக்காதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள். இருக்கை வெடித்து எறியும் வேகத்தில் முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். படுத்தபடியே இருக்கட்டும். பாராசூட் காற்றில் இழுத்தால் துணியின் மேல் ஆள் படுத்து அமுக்குங்கள். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். மூச்சு இருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பேசிக்கொண்டே இருங்கள்.

வெளியே எறியப்படாத இருக்கை விமானத்துக்குள் இருந்தால், அதன் பக்கம் போகவே கூடாது. அதற்கு அடியில் வெடிமருந்துக் குப்பிகள் உண்டு. விமானம் தரையில் நிற்கும்போது சிவப்பு நாடா கட்டிய பின்களைச் செருகித்தான் அதைப் பூட்டி வைப்போம். பறப்பதற்கு முன் ஒவ்வொரு பின்னாக உருவி, எண்ணி, விமானி கண்ணுக்கு நேரே காட்டுவோம். விழுந்து கிடக்கும் விமானத்தில் அந்தப் பின் எதுவும் இருக்காது. கை பட்டால் போதும்.

துண்டு துணுக்கு எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். எந்தச் சின்னத் தகடு முதலில் முறிந்தது என்பதில்தான் மொத்த விசாரணையும் இருக்கும். கறுப்புப் பெட்டி என்று சொல்வது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், அதையும் தொட வேண்டாம்.

படம் எடுப்பதைப் பற்றி: தூரத்தில் இருந்து விமானம் விழும் வீடியோ உங்களிடம் இருந்தால் அழிக்காதீர்கள், காவல்துறையிடம் கொடுங்கள், விசாரணைக்கு உதவும். உடல்களைப் படமெடுத்து அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் வீட்டுக்கு ராணுவத்தின் போன் போவதற்கு முன் வாட்ஸ்அப் போய்விடுகிறது.

2021 டிசம்பர் 8 அன்று இதே சூலூரில் இருந்து கிளம்பிய எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நம் திருச்சூர்க்காரர், ஒருவர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்காரர். விழுந்த இடத்தை ஒட்டிய நஞ்சப்பசத்திரத்து மக்கள் வீட்டில் இருந்த கம்பளியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு ராணுவம் அந்த ஊருக்கே வந்து நன்றி சொல்லி, ஓராண்டு தத்தெடுத்தது. ஒரு ஊர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் அவர்களைத்தான் காட்டுவேன்.

கீழே இருப்பவர்கள் இறந்தால், பயிர் எரிந்தால்?

2023 மே 8 அன்று ராஜஸ்தானின் அனுமன்கரில் பயிற்சியில் இருந்த மிக்-21 ஒன்று வீட்டின் மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். விமானி குதித்துப் பிழைத்தார். அவர் பிழைத்ததற்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு, அது அநியாயம். ஆனால் வீட்டுக்குள் இருந்த பெண்களுக்குக் குதிக்க வழி இருக்கவில்லை என்பதும் நிஜம்.

நஷ்டஈட்டுக்கு முதல் படி எழுத்து. வில்லேஜ் ஆபீசில் மனு, கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) பயிர் சேத மதிப்பீடு, காவல் நிலையத்தில் பதிவு. மூன்றின் நகலும் கையில் வேண்டும். நிலம் கேரளத்திலும் ஆள் தமிழ்நாட்டு முகவரியிலும் இருப்பவர்கள் நம்மில் நிறைய. வரி கட்டிய ரசீதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை அறிக்கை வெளியே வருமா?

பயணிகள் விமான விபத்தை விசாரிக்கும் அமைப்பு வேறு, படை விமானத்துக்கு வேறு. படைக்குள்ளேயே 'கோர்ட் ஆஃப் இன்கொயரி' அமைப்பார்கள். அதன் முழு அறிக்கை பொதுவில் வருவதில்லை. குன்னூர் விபத்தின் காரணத்தை, எதிர்பாராத வானிலை மாற்றத்தில் மேகத்துக்குள் போய்த் திசை உணர்வு தவறியது என்று 2022 ஜனவரியில் சுருக்கமாகச் சொன்னார்கள். பிறகு 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில், 2017 முதல் 2022 வரை நடந்த 34 விமானப்படை விபத்துகளின் பட்டியலில் அதுவும் 'விமானக் குழுவின் மனிதத் தவறு' என்று ஒரு வரியாக வந்தது.

ரகசியம் காக்க வேண்டியது உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரிட்டன் தன் படை விமான விபத்து அறிக்கைகளை, மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் மறைத்து வெளியிடுகிறது. இங்கேயும் முடியும். மகனை இழந்த வீட்டுக்கு 'மனிதத் தவறு' என்ற இரண்டு வார்த்தை மட்டும் போய்ச் சேரக்கூடாது. அந்த மனிதனுக்கு எத்தனை மணிப் பயிற்சி கொடுத்தோம், எந்த விமானத்தில் கொடுத்தோம் என்பதும் சேர்ந்து போக வேண்டும்.

கண்காட்சிகளில் பறக்கும் ரொம்பப் பழைய விமானங்கள்?

2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் 1950-களின் ஹாக்கர் ஹன்டர் ஒன்று வித்தை காட்டும்போது விழுந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். ஒருவர்கூட டிக்கெட் வாங்கிய பார்வையாளர் இல்லை, எல்லோரும் பக்கத்துச் சாலையில் இருந்தவர்கள். விமானி உயிர் பிழைத்தார்.

இதெல்லாம் படித்த பிறகு என் மகளை விமானியாக அனுப்பலாமா?

அவளுக்கு ஆசை இருந்தால் அனுப்புங்கள். 2016-லிருந்து பெண்களும் போர் விமானம் ஓட்டுகிறார்கள். இன்று பயிற்சிப் படிகள் பைலேட்டஸ், கிரண், ஹாக் என்று முன்பைவிட ஒழுங்காக இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். நமக்குப் பக்கத்தில் உடுமலைப்பேட்டை தாண்டி அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது, கேரளத்துக்குக் கழக்கூட்டத்தில் இருக்கிறது. விமானி ஆவதற்கான திறன் தேர்வை மட்டும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத விடுவார்கள். தவறினால் மறுபடி கிடையாது. நமக்கு அருகில் இருக்கும் தேர்வு மையம் மைசூர். ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய் நேராகத் தேர்வில் உட்காரவைக்காதீர்கள். முதல் நாளே கூட்டிப் போய், நன்றாகச் சாப்பிடவைத்துத் தூங்கவிடுங்கள்.